கல்லூரியில் எல்ஜிபிடி மாணவர்களுக்குத் துணை நிற்பது எப்படி? ஆசிரியர், வார்டன், அலுவலக ஊழியர், நண்பர்கள் எல்லோருக்குமான முழு வழிகாட்டி

வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படிப்பது ஆசிரியருக்கு மூன்று நிமிட வேலை. அதே மூன்று நிமிடம் கடைசிக்கு முந்தைய பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு திருநம்பி (பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்) மாணவருக்கு எப்படிப் போகும் என்று நான் பல வருடம் யோசித்ததே இல்லை. தன் பெயர் வருவதற்கு இரண்டு பெயர் முன்னாலேயே தலை குனிந்துவிடும், பெயர் வந்ததும் குரல் வராது, கை மட்டும் பாதி உயரத்துக்கு எழும், நான் விடாமல் "வாயைத் திறந்து சொல்லும்மா" என்பேன், மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். ஒரு செமஸ்டர் முழுக்க இதைச் செய்திருக்கிறேன். அப்புறம் அவர் பத்து நிமிடம் தாமதமாக வர ஆரம்பித்தார். சோம்பேறித்தனம் என்று நினைத்து வருகையைக் குறைத்தேன். பெயர் படித்து முடிக்கும்வரை வராந்தாவில் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருகிறார் என்பது அவரே ஒருநாள் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதையும், சக ஆசிரியர்களும் மாணவர்களும் சொல்லிக்கொடுத்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், விடுதிப் பொறுப்பில் இருக்கலாம், அலுவலகத்தில் உட்காருபவராக இருக்கலாம், அறைத்தோழராகவும் இருக்கலாம். எல்லாப் படியிலும் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: ஒரு மாணவரின் பாலீர்ப்பும் பாலின அடையாளமும் அவருடைய செய்தி. யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை அவர் முடிவு செய்வார். நாம் அவருக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும்.

படி 1: சொற்களைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

முதலில் இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். யார்மேல் ஈர்ப்பு வருகிறது என்பது பாலீர்ப்பு. தன்னை ஆணாக, பெண்ணாக, அல்லது இரண்டுக்குள்ளும் அடங்காதவராக உணர்வது பாலின அடையாளம். தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு எல்லாம் முதல் வகை. திருநங்கை, திருநம்பி, இருவரையும் இன்னும் பலரையும் சேர்த்துச் சொல்லும் திருநர், இவை இரண்டாம் வகை. எல்ஜிபிடி என்பது லெஸ்பியன், கே, பைசெக்ஷுவல், டிரான்ஸ்ஜெண்டர் என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள், இரண்டு வகையும் அதில் சேரும். ஒரு திருநங்கைக்கு ஆண்மேல் ஈர்ப்பு இருக்கலாம், பெண்மேல் இருக்கலாம், யார்மேலும் இல்லாமலும் இருக்கலாம். பிறப்பிலேயே உடற்கூறு ஆண் பெண் என்ற வழக்கமான இரண்டு வரையறைக்குள் வராதவர்களை இடைப்பாலினர் என்கிறோம், அது உடல் சார்ந்த விஷயம். எல்லோரையும் ஒரு குடைக்குள் கொண்டுவர பால்புதுமையர், குயர் என்ற சொற்கள் புழங்குகின்றன. 2022-ல் தமிழ்நாடு அரசு, சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலின்பேரில் இந்தச் சொற்களுக்கு ஒரு பட்டியலை அரசிதழில் வெளியிட்டது, பத்திரிகைகளிலும் பாடப்புத்தகங்களிலும் ஒரே மாதிரி மரியாதையாக எழுத வேண்டும் என்பதற்காக. பட்டியல் உதவும், ஆனால் எதிரில் நிற்கும் மாணவர் தன்னை என்ன சொல்லி அழைக்கிறாரோ அந்தச் சொல்தான் கடைசிச் சொல். "எனக்கு எந்தப் பெயரும் வேண்டாம், இன்னும் யோசிச்சிட்டு இருக்கேன்" என்றாலும் சரிதான்.

தமிழில் எழுதும், பேசும் நமக்கு ஒரு வசதி உண்டு. "அவர் வந்தார்" என்றால் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது, மரியாதையும் சேர்ந்துவிடும். மாணவர்களை அவன் அவள் என்று பேசிப் பழகிய நாக்குக்கு இது ஒரு மாதம் கஷ்டமாக இருக்கும், பிறகு வந்துவிடும். வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். "அவர்" என்று ஆரம்பித்து "சொன்னா" என்று முடித்தால் பயனில்லை. அதைவிட நுட்பமான இடம் "ம்மா", "ப்பா". வாம்மா, சொல்லுப்பா என்று பாசத்தோடுதான் சொல்கிறோம், ஆனால் அந்த ஒட்டிலேயே பாலினம் உட்கார்ந்திருக்கிறது. என் மாணவருக்கு வருகைப் பதிவேட்டில் இருந்த பெயரைவிட "வாயைத் திறந்து சொல்லும்மா" என்பதில் இருந்த அந்த "ம்மா"தான் அதிகம் வலித்ததாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

தவறிவிட்டால்? "மன்னிச்சிடு" என்று ஒரு வார்த்தை, சரியான சொல், அதோடு பேச்சைத் தொடருங்கள். ஐந்து நிமிடம் வருத்தம் தெரிவித்தால் கடைசியில் அந்த மாணவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும்.

படி 2: ஒருவர் உங்களிடம் வந்து சொல்லும்போது

பெரும்பாலும் நேராக வராது. லேப் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருவர் மட்டும் நோட்டை அடுக்குவதும் கலைப்பதுமாக நின்றுகொண்டிருப்பார். "சார், என் ஃப்ரெண்ட் ஒருத்தருக்கு ஒரு பிரச்சினை" என்று தொடங்கும். அந்த நண்பர் யார் என்று கிளற வேண்டாம், நண்பருக்குச் சொல்வதுபோலவே பதில் சொல்லுங்கள். நீங்கள் நண்பரைப் பற்றி எப்படிப் பேசுகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் அடுத்த வாக்கியம் வரும், அல்லது வராமலே போகும். கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள். கதவைச் சாத்தட்டுமா, திறந்தே இருக்கட்டுமா என்று அவரையே கேளுங்கள்.

அவர் சொல்லி முடித்ததும் இவ்வளவு போதும்: "என்கிட்ட சொன்னதுக்கு நன்றி. இது என்கிட்டயே இருக்கும்." கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். அப்புறம் மூன்று கேள்வி.

உன்னை எந்தப் பெயரில் கூப்பிடட்டும், எல்லார் முன்னாலும் அப்படியா அல்லது நாம் இருவர் மட்டும் பேசும்போதா?

இது வேறு யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியவே கூடாது?

இப்போதைக்கு நான் என்ன செய்யணும், அல்லது எதுவும் செய்யாமல் இருக்கணுமா?

மூன்றாவது கேள்விக்கு "எதுவும் வேண்டாம், சும்மா சொல்லணும்னு தோணுச்சு" என்ற பதில்தான் நிறைய வரும். அது வெறும் பேச்சில்லை. அமெரிக்காவில் எல்ஜிபிடி இளைஞர்களுக்காக 1998 முதல் இயங்கும் ட்ரெவர் புராஜெக்ட் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், தன்னை ஏற்றுக்கொள்கிற பெரியவர் ஒருவராவது இருக்கிறார் என்று சொன்ன இளைஞர்களிடம், முந்தைய ஓராண்டில் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னவர்கள் 40 சதவீதம் குறைவு. உங்களிடம் வந்து நிற்பவருக்கு அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

சொல்லக் கூடாதவையும் இருக்கின்றன, நல்ல மனதோடு சொன்னாலும் சரி. "நல்லா யோசிச்சியா, இது வயசுக் கோளாறா இருக்கும்": அவர் பல வருடம் யோசித்த பிறகுதான் உங்கள் முன்னால் நிற்கிறார். "எனக்கு அப்பவே தெரியும்": தான் ஒளித்து வைத்தது எல்லோருக்கும் தெரிகிறது என்ற பயத்தைத்தான் அது தரும். "அப்பா அம்மாகிட்ட சொல்லிடு, மனசு லேசாகும்": வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். திருநர் மாணவரிடம் ஆபரேஷன் பற்றியோ உடல் பற்றியோ கேட்கவே வேண்டாம், வேறு எந்த மாணவரிடமாவது அப்படிக் கேட்பீர்களா என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

இன்னொன்று. நடை, உடை, பேச்சைப் பார்த்து நீங்களாக ஊகித்து "நீ அப்படியா?" என்று கூப்பிட்டுக் கேட்பது உதவியாகாது. உதவ நினைத்தால் நீங்கள் நம்பத்தக்கவர் என்பதை எல்லோர் முன்னிலையிலும் காட்டுங்கள், வருகிறவர் வருவார்.

படி 3: ரகசியம் காப்பது

நல்லவர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் சறுக்குகிறார்கள். ஸ்டாஃப் ரூமில் "பாவம், அந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு பிரச்சினை, கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று அக்கறையோடு சொன்னது மாலைக்குள் விடுதிக்குப் போய்விடும். வேறொருவரின் உதவி தேவைப்பட்டால் முதலில் மாணவரிடம் அனுமதி கேளுங்கள்: யாரிடம், எதை, எந்த வார்த்தையில் சொல்லப்போகிறீர்கள் என்று. பல நேரம் காரணமே சொல்லத் தேவையிருக்காது. "இவருக்கு அறை மாற்றம் வேண்டும், நான் பொறுப்பு" என்றாலே வேலை நடக்கும்.

எழுத்தில் இருப்பதில் கூடுதல் கவனம் தேவை. ஆலோசனைக் குறிப்பு, மின்னஞ்சல், மாணவர் கோப்பு ஆகியவற்றை யார் யார் திறந்து பார்க்க முடியும் என்று தெரிந்த பிறகு எழுதுங்கள்.

ஒரே விதிவிலக்கு உயிர் ஆபத்து. அப்போதும் மாணவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், ஆபத்தை மட்டும் சொல்லுங்கள். "மிகுந்த மன உளைச்சலில் இருக்கிறார், தனியாக விடக் கூடாது" என்பது எல்லோருக்கும் போதுமான தகவல், அதற்குப் பின்னாலுள்ள காரணம் யாருக்கும் தேவையில்லை.

படி 4: பெயர்

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் ஒரு கல்லூரி செலவே இல்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 129 திருநர் இளைஞர்களை எடுத்துக்கொண்டு, வீடு, கல்வி நிலையம், வேலையிடம், நண்பர்கள் வட்டம் என்ற நான்கு இடங்களில் எத்தனை இடத்தில் அவர்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த பெயரோடு வாழ முடிகிறது என்று பார்த்தது. அப்படி ஓர் இடம் கூடும்போது தற்கொலை எண்ணம் 29 சதவீதமும் தற்கொலை சார்ந்த செயல்கள் 56 சதவீதமும் குறைவாக இருந்தன. ஆய்வு சின்னது, அது காட்டுவது தொடர்பை மட்டும்தான், ஆனாலும் அந்த நான்கில் ஒன்று நம் கையில் இருக்கிறது.

சட்டப்படி பெயரை மாற்றும் வழி நாட்டுக்கு நாடு வேறு, சில இடங்களில் வருடக்கணக்காகும். அதுவரை காத்திருக்க வேண்டாம். பட்டச் சான்றிதழ், தேர்வு வாரியத்துக்குப் போகும் பட்டியல், உதவித்தொகை ஆவணம் போன்ற சிலவற்றுக்குத்தான் சட்டப் பெயர் கட்டாயம். மற்ற எல்லாவற்றிலும் அழைக்கும் பெயரைப் போடலாம். முதலில் ஒரு தாளை எடுத்து, உங்கள் கல்லூரியில் ஒரு மாணவரின் பெயர் எங்கெல்லாம் தெரிகிறது என்று எழுதிப் பாருங்கள்: வருகைப் பதிவேடு, அடையாள அட்டை, மின்னஞ்சல் முகவரி, ஆன்லைன் வகுப்பில் முகத்துக்குக் கீழே வரும் பெயர், லேப் குழுப் பட்டியல், விடுதி அறைக் கதவு, நூலக அட்டை, தேர்வறைச் சுவரில் ஒட்டும் இருக்கைப் பட்டியல், மருத்துவ அறைக் குறிப்பு, விளையாட்டுச் சட்டை, பட்டமளிப்பு விழாவில் மைக்கில் படிக்கும் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே சட்டப் பெயர் கட்டாயமா என்று குறித்தால், கட்டாயம் என்று வருவது இரண்டு மூன்றுதான் இருக்கும். மூடுல் போன்ற கற்றல் தளங்களில் மாற்றுப் பெயருக்கென்றே தனிக் கட்டம் இருக்கிறது, பல கல்லூரிகளில் அதை யாரும் திறந்து பார்த்ததில்லை.

ஆசிரியர் இன்றைக்கே செய்யக்கூடியது: வருகையைப் பெயருக்குப் பதில் வரிசை எண்ணால் எடுங்கள். அல்லது முதல் வகுப்பில் ஒரு சீட்டைக் கொடுத்து "உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று எழுதுங்கள்" என்று எல்லோரிடமும் கேளுங்கள். எல்லோரிடமும் கேட்பது முக்கியம். பெயர் நீளமானவர், செல்லப்பெயர் உள்ளவர், உச்சரிப்பு தவறாகக் கேட்டுச் சலித்தவர் எல்லோரும் எழுதுவார்கள், அந்தக் கூட்டத்தில் இவரும் ஒருவராக எழுதிவிடுவார்.

இப்போது எச்சரிக்கை. ஒரு கல்லூரியில் நல்லெண்ணத்தோடு ஒரு மாணவரின் புதுப் பெயரை மைய மென்பொருளில் மாற்றினார்கள். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. மூன்று வாரம் கழித்து, நூலகப் புத்தகம் திருப்பவில்லை என்ற தானியங்கிக் குறுஞ்செய்தி அந்தப் புதுப் பெயரோடு அவருடைய அப்பாவின் எண்ணுக்குப் போனது. அன்று இரவு அவர் வீட்டுக்குப் போகவில்லை, போக முடியவில்லை. ஆகவே விண்ணப்பப் படிவத்தில் இரண்டு பத்தி வையுங்கள்: கல்லூரிக்குள் பயன்படுத்த வேண்டிய பெயர் ஒன்று, வீட்டுக்குப் போகும் எதிலும் பயன்படுத்த வேண்டிய பெயர் ஒன்று. மாற்றுவதற்கு முன்னால், எந்தெந்தச் செய்தி எந்த எண்ணுக்குப் போகிறது என்று கணினிப் பிரிவில் உட்கார்ந்து ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள்.

படி 5: கழிவறை, விடுதி, மைதானம்

2015-ல் அமெரிக்காவில் 27,715 திருநர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 59 சதவீதம் பேர், முந்தைய ஓராண்டில் பிரச்சினைக்குப் பயந்து பொதுக் கழிவறையைத் தவிர்த்ததாகச் சொன்னார்கள். 32 சதவீதம் பேர் அதற்காகவே சாப்பிடுவதையும் தண்ணீர் குடிப்பதையும் குறைத்திருக்கிறார்கள். 8 சதவீதம் பேருக்குச் சிறுநீர்த் தொற்றோ சிறுநீரகப் பிரச்சினையோ வந்திருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு வந்து மாலை ஐந்து வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் மாணவர் நம் வகுப்பிலும் இருக்கலாம். புதுக் கட்டடம் கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பூட்டக்கூடிய ஒற்றை அறைக் கழிவறைகள் பெரும்பாலான வளாகங்களில் ஏற்கெனவே இருக்கும், "ஊழியர்களுக்கு மட்டும்" என்ற பலகையோடு. பலகையைக் கழற்றி "கழிவறை" என்று மட்டும் எழுதுங்கள். எங்கே இருக்கிறது என்று புதிய மாணவர்களுக்குத் தரும் வரைபடத்தில் குறியுங்கள். சாவி யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் வேண்டாம், கேட்பதற்குக் கூச்சப்பட்டே யாரும் போக மாட்டார்கள்.

விடுதியில் அறை ஒதுக்கும் முன்பே தனியாகப் பேசுங்கள். சிலர் தனி அறை கேட்பார்கள், சிலர் நம்பிக்கையான நண்பரோடு இருக்க விரும்புவார்கள். பாதுகாப்புக்காக என்று சொல்லிக் கட்டடத்தின் கோடியில் ஒரு அறையில் ஒதுக்கி வைப்பது தண்டனை மாதிரி ஆகிவிடும். பிரச்சினை செய்தவர் இருக்க, பாதிக்கப்பட்டவரை அறை மாறச் சொல்வதும் அப்படித்தான். அறைத்தோழருக்கும் ஒரு விஷயம் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும்: அறைக்குள் நடப்பதைப் படம் எடுப்பது குற்றம். 2010-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், முதலாண்டு மாணவர் ஒருவர் இன்னொரு ஆணோடு இருந்ததை அவருடைய அறைத்தோழர் வெப்கேமில் ரகசியமாகப் பார்த்து அதை இணையத்திலும் சொன்னார். சில நாளில் அந்த மாணவர் தற்கொலை செய்துகொண்டார். கல்லூரி திறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

விடுமுறைக்கு விடுதியை மூடும்போது போக இடமில்லாதவர்கள் இருப்பார்கள். காரணம் கேட்காமல் தங்க அனுமதிக்கும் ஒரு சிறு ஏற்பாடு வேண்டும்.

மைதானத்தில், மார்பை இறுக்கிக் கட்டியிருக்கும் திருநம்பி மாணவருக்கு ஓடும்போது மூச்சு முட்டும். உட்காருகிறேன் என்றால் காரணம் கேட்காமல் விடுங்கள். அணி பிரிக்கும்போது ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பதற்குப் பதில் ஒற்றைப்படை எண், இரட்டைப்படை எண் என்று பிரியுங்கள்.

படி 6: கேலி, மிரட்டல், புகார்

வகுப்பில் ஒருவர் கேலியாக ஒரு சொல்லை வீசுகிறார், பத்து பேர் சிரிக்கிறார்கள். காது கேட்காததுபோலப் பாடத்தைத் தொடர்ந்தால் நீங்களும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துவிட்டதாகத்தான் அந்த வகுப்பிலிருக்கும் எல்ஜிபிடி மாணவர் எடுத்துக்கொள்வார். அரை மணி நேரப் பிரசங்கமும் வேண்டாம், எல்லோர் கண்ணும் அவர்மேல் போகும். "இந்த வகுப்பில் அந்த வார்த்தை வேண்டாம்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்புங்கள். வகுப்பு முடிந்து சொன்னவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

கல்லூரியின் ராகிங், துன்புறுத்தல் விதிகளில் "பாலீர்ப்பு, பாலின அடையாளம்" என்ற இரண்டு சொல்லும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். "எல்லா மாணவரும் சமம்" என்று பொதுவாக எழுதியிருந்தால் புகார் எடுப்பவர் தட்டிக்கழிக்க இடமிருக்கிறது. புகார் யாரிடம் தர வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். முக்கியமானது, புகார் தருபவர் "நான் இப்படிப்பட்டவர்" என்று ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. கேலி செய்யப்பட்டார் என்றால் கேலி செய்யப்பட்டார், அவ்வளவுதான். விசாரணைக்குழுவுக்கு அதற்குமேல் கேட்க உரிமையில்லை.

டேட்டிங் செயலியில் பழகி, படங்களை வாங்கி, "வீட்டுக்கு அனுப்புவேன்" என்று பணம் கேட்டு மிரட்டுவது பல நாடுகளில் நடக்கிறது. இப்படி ஒருவர் உங்களிடம் வந்தால் "எதுக்கு அந்த ஆப்புக்குப் போனே" என்ற கேள்வி வேண்டாம். பணம் கொடுக்கச் சொல்லாதீர்கள், கொடுத்தால் அடுத்த வாரம் மறுபடி கேட்பார்கள். உரையாடலை அழிப்பதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட், எண், தேதி எல்லாம் சேமிக்கச் சொல்லுங்கள். அப்புறம் மட்டும் பிளாக். காவல்துறைக்குப் போவதா என்பதை உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரோடு பேசி, மாணவரே முடிவு செய்யட்டும். தன்பாலீர்ப்பைக் குற்றமாக வைத்திருக்கும் நாடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன, அங்கே புகாரே ஆபத்தாகலாம்.

படி 7: மனநல உதவி, யாரிடம் அனுப்பலாம், யாரிடம் கூடாது

தன்பாலீர்ப்பு நோயில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. 2022-ல் நடைமுறைக்கு வந்த அதன் பதினோராவது நோய் வகைப்பாட்டில், திருநராக இருப்பதும் மனநோய் அத்தியாயத்திலிருந்து வெளியே வந்துவிட்டது. அப்படியிருந்தும் "மாற்றிவிடலாம்" என்று சொல்லும் மருத்துவர்களும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். மாற்று சிகிச்சை (கன்வர்ஷன் தெரபி) என்ற பெயரில் நடக்கும் அது மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும்தான் கூட்டுகிறது. மால்டா 2016-ல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது, சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தடை சொன்னது, கனடாவின் தடைச் சட்டம் 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது.

ஆகவே ஒரு மாணவரை ஆலோசகரிடம் அனுப்பும் முன் நீங்களே அவரிடம் போனில் பேசுங்கள். மாணவர் யார் என்று சொல்லாமல் கேளுங்கள்: தன்பாலீர்ப்புள்ள மாணவரோடு உங்கள் நோக்கம் என்னவாக இருக்கும்? பெற்றோர் கூப்பிட்டுக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? திருநர் மாணவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? முதல் கேள்விக்கு "பக்குவமா எடுத்துச் சொல்லி வழிக்குக் கொண்டுவரலாம்" என்கிற மாதிரி பதில் வந்தால் அங்கே அனுப்பாதீர்கள்.

நெருக்கடியில் இருப்பவர்போலத் தெரிந்தால் சுற்றி வளைக்காதீர்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பலருக்கு யாரோ கேட்டார்கள் என்பதே ஆறுதல். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று கேளுங்கள், நீங்களே கூட உட்கார்ந்து உங்கள் நாட்டின் உதவி எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். மறுநாள் கட்டாயம் ஒருமுறை விசாரியுங்கள்.

படி 8: பாடத்துக்குள்ளேயே இடம் கொடுங்கள்

இது எளிதான படி, பலர் யோசிப்பதில்லை. கணினி அறிவியலில் ட்யூரிங் எந்திரம் நடத்துகிறோம். ஆலன் ட்யூரிங் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகவே 1952-ல் பிரிட்டனில் தண்டிக்கப்பட்டார், ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்தப்பட்டார், 1954-ல் 41 வயதில் இறந்தார், 2013-ல்தான் அரச மன்னிப்பு வந்தது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். புள்ளியியல் கணக்கில், சட்ட வகுப்பு உதாரணத்தில், இலக்கணப் பயிற்சி வாக்கியத்தில் எப்போதும் கணவன் மனைவிதான் வர வேண்டுமா? ஒரே ஒரு உதாரணத்தை மாற்றுங்கள், யார் நிமிர்ந்து பார்க்கிறார் என்று தேடாதீர்கள்.

படி 9: மாணவர் குழு

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் 1967-ல் முதன்முதலாக இப்படி ஒரு மாணவர் குழுவுக்கு அங்கீகாரம் கொடுத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1971-ல் இந்த மாணவர்களுக்கென்றே அலுவலகம் திறந்தது. அவ்வளவு தூரம் போக முடியாத கல்லூரியிலும் குழு நடத்தலாம். நான் பார்த்து உருப்படியாக நடந்த குழுக்களில் சில பொதுவான பழக்கம் உண்டு. பெயர் பொதுவாக இருக்கும், "வாசிப்பு வட்டம்" என்பதுபோல, வீட்டில் போன் திரையில் அறிவிப்பு வந்தாலும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கூடும் அறை ஆள் நடமாட்டமுள்ள வராந்தாவில் இருக்கும், ஒதுக்குப்புற அறைக்குள் நுழைவதே அறிவிப்பாகிவிடும் என்பதால். ஆதரவாளர்களுக்கும் இடமிருக்கும், அதனால் உள்ளே இருப்பவர் யார் என்று வெளியே இருப்பவர் முடிவு கட்ட முடியாது. புகைப்படம் கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும், அதனால் பிராட்காஸ்ட் பட்டியலாக அனுப்புவார்கள்.

வானவில் கொடி ஏற்றுவதும் பேரணி போவதும் நல்லதுதான், ஆனால் அதற்கு வராதவரை யாரும் கோழை என்று சொல்லக் கூடாது. ஆசிரியர் ஒருவர் பெயரளவில் பொறுப்பாளராக இருந்து, அறைக்கு அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டு, கூட்டம் நடக்கும்போது கூப்பிட்டால் மட்டும் போனால் போதும்.

படி 10: வீட்டிலிருந்து ஆள் வரும்போது

எப்படியோ தெரிந்து பெற்றோர் கல்லூரிக்கு வந்துவிடுகிறார்கள். கோபம், அழுகை, "நீங்கதான் கெடுத்துட்டீங்க" எல்லாம் வரும். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுக்கக் கேளுங்கள். அவர்களும் பயந்துதான் வந்திருக்கிறார்கள். ஆனால் மாணவரைக் கேட்காமல் எதையும் உறுதிப்படுத்தாதீர்கள், மறுக்கவும் வேண்டாம். "உங்க பிள்ளை இங்க பாதுகாப்பா இருக்கார், நல்லாப் படிக்கிறார். மத்ததை அவர்கிட்டயே கேளுங்க" என்பதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. மாணவர் பதினெட்டு வயது கடந்தவர் என்றால் அவர் விருப்பமில்லாமல் அழைத்துப் போக விடாதீர்கள். முதலில் மாணவரிடம் தனியாக ஒரு நிமிடம் பேசி, போக விரும்புகிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்த அடி பணத்தில் விழும், கட்டணம் நின்றுவிடும். தவணை நீட்டிப்பு, அவசர உதவி நிதி, வளாகத்திலேயே பகுதிநேர வேலை ஆகியவற்றில் எது கிடைக்கும் என்று முன்பே விசாரித்து வையுங்கள். குடும்ப வருமானச் சான்றும் பெற்றோர் கையெழுத்தும் கேட்கும் படிவங்கள் இவர்களுக்குச் சுவர் மாதிரி, அந்த விதியைத் தளர்த்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கேட்டால் பெரும்பாலும் யாரோ ஒருவரிடம் இருக்கிறது.

படி 11: படிப்பு முடித்துப் போன பிறகும்

சட்டப்படி பெயர் மாற்றியதும் பழைய மாணவர் மதிப்பெண் பட்டியலைப் புதுப் பெயரில் கேட்டு வருவார். பட்டச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள ஆவணத்தில் ஒரு பெயர் என்றால், ஒவ்வொரு வேலை நேர்காணலிலும் அவர் தன் கதையை முன்பின் தெரியாதவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும். மறுவெளியீட்டுக்கு எளிய நடைமுறை ஒன்றை எழுதி வையுங்கள், பழைய பெயர் ஓரத்தில்கூட வராத மாதிரி.

போன வருடம் அந்தப் பழைய மாணவர், வராந்தாவில் நின்றவர், மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு எழுதியிருந்தார். மின்னஞ்சலின் கீழே அவர் பெயர் இருந்தது. அது போதும் என்று நினைத்துக் கடிதத்தை ஆரம்பித்துவிட்டேன், பிறகு நிறுத்திவிட்டுப் போன் செய்து கேட்டேன்: "எந்தப் பெயரில் எழுதட்டும்? அவங்ககிட்ட என்ன தெரியும்?" விண்ணப்பம் இன்னும் பழைய பெயரில்தான் போயிருக்கிறது, ஆவணம் கைக்கு வர இரண்டு மாதமாகும் என்றார். கொஞ்சம் யோசித்து, முதல் வரியில் மட்டும் விண்ணப்ப எண்ணைப் போட்டு, மற்ற இடத்திலெல்லாம் "இந்த மாணவர்" என்றே எழுதலாமா என்று கேட்டார். அப்படியே எழுதி, அனுப்பும் முன் அவருக்கு ஒருமுறை படித்துக் காட்டினேன்.